என் டாங்கி என் ஆட்களையே சுட்டது! - ஒரு வார்கேமும் 'ட' என்ற எழுத்தும்

நான்கு பேர் விழுந்தார்கள். சுட்டது எதிரி இல்லை, நான்தான்.

பதற வேண்டாம். நடந்தது லேப்டாப்பில். இடம், கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை. லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில், எட்டாவது படிக்கும் சித்தி பையனுக்கு 'காம்பாட் மிஷன்' என்ற வார்கேமைக் காட்டிக்கொண்டிருந்தேன். 1944-ம் வருடம், பிரான்ஸின் நார்மண்டி. வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல் வீடு, உள்ளே ஜெர்மானியர்களின் மெஷின் கன். என் காலாட்படை வயலைக் கடந்து அந்த வீட்டைப் பிடிக்க வேண்டும். துணைக்கு ஒரு ஷெர்மன் டாங்கி. 'டாங்கி வீட்டை அடித்துக்கொண்டே இருக்கட்டும், நம் ஆட்கள் ஓடிப்போய் உள்ளே நுழையட்டும்' என்று உத்தரவு போட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இந்த விளையாட்டில் ஒரு சுற்று என்பது 60 விநாடி. உத்தரவு கொடுத்து பட்டனை அழுத்திவிட்டால், அந்த ஒரு நிமிடம் முடியும்வரை நாம் வேடிக்கை பார்க்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. 35-வது விநாடியில் என் ஆட்கள் சுவரைத் தொட்டார்கள். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடியிருந்தார்கள், பாவம். 40-வது விநாடியில் என் டாங்கியின் அடுத்த ஷெல் அதே சுவரில் வெடித்தது.

"அக்கா, நம்ம ஆளுங்களையே நீ சுட்டுட்ட" என்றான் தம்பி.

திண்ணையின் மறுமுனையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா, காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைச் சரிசெய்து ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தார். "வண்டிய எதுக்கு அவங்க முதுகுக்குப் பின்னாடி நிறுத்தி வெச்ச?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கத்தில் இது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் போகும் வழியில் கணியம்பாடி. அந்தப் பக்கத்தில் இருக்கிறது கம்மவான்பேட்டை. 'ராணுவப்பேட்டை' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார் என்று பேர் வாங்கிய ஊர். 'நம்ம ஆளை நம்ம குண்டே அடிச்சிடுச்சு' என்ற வாக்கியம் இந்த ஊர்களில் விளையாட்டாகக் காதில் விழாது.

யானை மிதித்த கதை

சதுரங்கத்தில் இந்தப் பிரச்னையே கிடையாது. யானைக்கு முன்னால் சொந்தச் சிப்பாய் நின்றால், யானை நகராது. அவ்வளவுதான். சொந்தக் காயை வெட்ட விதியில் இடமே இல்லை. நிஜ யானைக்கு அந்த விதி தெரியாது. கி.மு. 326-ல் ஜீலம் நதிக்கரையில் அலெக்சாண்டரை எதிர்த்த போரஸ் மன்னனின் யானைகள், காயம்பட்டு மிரண்டதும் சொந்தக் காலாட்படையையே மிதித்தன என்று கிரேக்க வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்னேறும் காலாட்களுக்குப் பக்கத்தில் பெரிய ஆயுதத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு பலமோ, அவ்வளவு ஆபத்து. யானைக்குப் பதில் டாங்கி வந்தும் அது மாறவில்லை.

போரை மேஜையில் விளையாடிப் பார்க்கும் பழக்கத்தை நவீன ராணுவத்துக்குள் கொண்டுவந்தது பிரஷ்யா. 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வரைபடம், பகடை, நடுவர் எல்லாம் வைத்து ஒரு விளையாட்டை ராணுவத் தலைமைக்குப் போட்டுக் காட்டினார். அங்கிருந்து 1977-ல் வெளியான 'ஸ்குவாட் லீடர்' அட்டை விளையாட்டு, இன்றைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் என்று வரிசை நீள்கிறது. எல்லா விளையாட்டும் சொந்தக் குண்டை ஒரே மாதிரி கையாள்வதில்லை. சிலவற்றில் நம் குண்டு நம் ஆட்களை ஊடுருவிப் போய்விடும், ஒன்றும் ஆகாது. சிலவற்றில் துப்பாக்கித் தோட்டா காயப்படுத்தாது, ஆனால் பயந்து தரையோடு படுத்துவிடுவார்கள். நான் விளையாடிய விளையாட்டில், வெடிக்கும் ஷெல்லுக்கு நம்மவன், எதிரி என்ற பேதம் கிடையாது. நிஜத்திலும் அப்படித்தான்.

ஷெல் எங்கே போகிறது?

டாங்கியிடம் குறைந்தது இரண்டு வகை ஆயுதம் இருக்கிறது. ஒன்று பெரிய பீரங்கி, இன்னொன்று மெஷின் கன். நான் செய்த முதல் தப்பு, இரண்டையும் ஒன்றாக நினைத்தது.

வெடிக்கும் ஷெல் விழுந்த இடத்தில் கொல்வது பாதிதான். மீதி வேலையை அதன் இரும்புத் துண்டுகள் செய்கின்றன. அவை நாலாபக்கமும் பல பத்து மீட்டர் பறக்கும். கல் சுவரில் பட்டால், சுவர்க்கல்லும் சேர்ந்து பறக்கும். மரத்தடியில் இருந்தால் இன்னும் மோசம். தலைக்கு மேலே போகவேண்டிய ஷெல் கிளையில் பட்டு வெடித்தால், துண்டுகள் மேலிருந்து மழையாக இறங்கும். தரையோடு படுத்தாலும் தப்பிக்க முடியாது. 1944 கடைசியில் ஜெர்மனியின் ஹ்யூர்ட்கன் காட்டில் அமெரிக்கக் காலாட்படை இந்த மரவெடிப்பில்தான் படாத பாடு பட்டது. அங்கே சுட்டது எதிரி. ஆனால், கிளையில் படும் ஷெல் யாருடையதாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

மெஷின் கன் வேறு மாதிரி. அது வெடிக்காது, ஆனால் சிதறும். தூரம் கூடக் கூட, குண்டுகள் கூம்புபோல விரிந்துகொண்டே போகும். கல்லில் பட்டால் எகிறித் திசை மாறும். இருந்தாலும், ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவனைத் தலைதூக்கவிடாமல் வைக்க மெஷின் கன் போதும். கொல்ல வேண்டும் என்றுகூட அவசியமில்லை. நம் ஆள் ஓடி முடிக்கும்வரை அவன் குனிந்தே இருந்தால் சரி. அதனால்தான் இந்த விளையாட்டில் 'மெஷின் கன்னால் மட்டும் சுடு' என்றும், '15 விநாடி மட்டும் சுட்டுவிட்டு நிறுத்து' என்றும் தனித்தனி உத்தரவுகள் இருக்கின்றன. நான் அவற்றைப் பார்த்ததுண்டு, பயன்படுத்தியதில்லை. கையில் பெரிய பீரங்கி இருக்கும்போது யாருக்குத்தான் சின்னதைத் தொட மனசு வரும்?

'ட' போட்டுப் பாருங்கள்

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். ஏன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது?

டாங்கி, அதற்கு முன்னால் நம் ஆட்கள், அவர்களுக்கு முன்னால் எதிரி. மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால், நம் ஆட்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் குண்டு போகும் பாதையிலேயே விழுகிறது. குறி கொஞ்சம் தாழ்ந்தால் முதுகில் படும். புகை வந்தால் டாங்கிக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு பேப்பரில் 'ட' எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடது மூலையில் எதிரியின் வீடு. மேலே, செங்குத்துக் கோட்டின் உச்சியில் டாங்கி. படுக்கைக் கோட்டின் வலது முனையில் காலாட்படை. டாங்கி மேலிருந்து கீழ்நோக்கிச் சுடுகிறது, ஆட்கள் வலமிருந்து இடமாக வருகிறார்கள். இரண்டு பாதையும் அந்த மூலையில் மட்டும்தான் சந்திக்கின்றன. குறி தவறிய குண்டு வீட்டைத் தாண்டி அந்தப்பக்கம் போகும், நம் ஆட்கள் மேல் வராது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால், நம் ஆட்களுக்கும் எதிரிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது டாங்கிக்குத் தெளிவாகத் தெரியும். பின்னால் நின்றால் தெரிவது வெறும் முதுகுகள்தான்.

இந்த ஒரு கோண விஷயத்தில் நிஜத்தில் எவ்வளவு பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? நான் விளையாடிய அதே நார்மண்டி, 1944 ஜூலை 24, 25. 'ஆபரேஷன் கோப்ரா'. ஜெர்மன் அணிகளின் மேல் முதலில் விமானங்கள் குண்டு போடும், பிறகு அமெரிக்கக் காலாட்படையும் டாங்கிகளும் முன்னேறும் என்று திட்டம். ராணுவத்தின் எல்லைக்கோடாக ஒரு நேர்ச்சாலை இருந்தது. விமானங்கள் அந்தச் சாலைக்கு இணையாக, அதாவது படைகளின் முன்னால் குறுக்காகப் பறக்க வேண்டும் என்பது தரைப்படைத் தளபதி பிராட்லியின் எண்ணம். விமானப்படைக்கு அது சரிப்படவில்லை. அத்தனை விமானங்களைக் குறைந்த நேரத்தில் அந்தக் குறுகிய பாதையில் அனுப்ப முடியாது, விமான எதிர்ப்பு பீரங்கிகளிடமும் அதிக நேரம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் சொந்தப் படைகளின் தலைக்கு மேலாகவே வந்தார்கள். குண்டுகள் முன்கூட்டியே விழுந்தன. இரண்டு நாளில் 100-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் சொந்தக் குண்டுக்குப் பலியானார்கள். லெஸ்லி மெக்நேர் என்ற லெப்டினென்ட் ஜெனரலும் அதில் ஒருவர். தாக்குதல் என்னவோ வெற்றிதான்.

'ட'விலும் ஒரு ஓட்டை உண்டு. வீட்டைப் பிடித்த உற்சாகத்தில் நம் ஆட்கள் மூலையைத் தாண்டி அந்தப்பக்கம் ஓடிவிட்டால், நேராக டாங்கியின் குண்டுப் பாதையில் போய் நிற்பார்கள். அதனால், ஒரு வேலியையோ வாய்க்காலையோ காட்டி, 'இதைத் தாண்டக் கூடாது' என்று முன்பே எல்லை குறித்துவிட வேண்டும்.

நாடா ஓடும் நேரம்

கோணம் பாதி. மீதி, நேரம்.

ஆரணிப் பட்டு நெய்யும் தறியை அருகில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மிதியை அழுத்தினால் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும். அந்த இடைவெளி திறந்திருக்கும்போதுதான் நாடா ஊடையை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் இழை அறுந்துபோகும். டாங்கியின் குண்டு எதிரியைக் குனிய வைத்திருக்கும் நேரம்தான் அந்த வாய். ஓடும் காலாட்கள்தான் நாடா.

பிந்தி நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை என் திண்ணையிலேயே பார்த்தேன். முந்தி நிறுத்தினால்? முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் பாடத்தை எழுதியது. 1916 ஜூலை 1, ஸோம் நதிப் போரின் முதல் நாள். பீரங்கிகள் கடிகாரத்தைப் பார்த்து, குறித்த நேரத்துக்கு அடுத்த இலக்குக்குத் தாவின. காலாட்கள் அந்த வேகத்துக்கு வரவில்லை, முள்வேலியில் நின்றுவிட்டார்கள். குண்டு மழை நகர்ந்ததும் ஜெர்மானியர்கள் பதுங்கு குழிகளிலிருந்து மேலேறி மெஷின் கன்னைப் பிடித்தார்கள். அன்று ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். காரணங்கள் பல உண்டு, அதில் இந்த நேரக் குழப்பம் முக்கியமான ஒன்று.

அடுத்த வருடம், 1917 ஏப்ரலில் விமி குன்றைப் பிடிக்கப்போன கனடா படைகள் வேறு வேலை செய்தன. பின்பக்கத்து நிலத்தில் நாடாக்கட்டி எதிரியின் பதுங்கு குழிகளை அப்படியே குறித்துவைத்து, நடந்து நடந்து பழகினார்கள். குண்டு மழை 3 நிமிடத்துக்கு 100 கெஜம் நகரும், ஆட்கள் அதே வேகத்தில் அதன் பின்னால் நடக்க வேண்டும். சொந்த ஷெல்லுக்கு இவ்வளவு நெருக்கமாகப் போனால் சிலர் அடிபடுவார்கள் என்று தெரிந்தேதான் போனார்கள். தூரத்தில் பத்திரமாக நின்றால், எதிரியின் மெஷின் கன்னுக்கு அதைவிட அதிகம் பேர் போவார்கள்.

எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். 'பாதுகாப்பு' என்றால் நம் குண்டிலிருந்து முடிந்தவரை விலகி நிற்பது என்றுதான் நினைத்திருந்தேன். குண்டு நின்ற நொடியிலிருந்து எதிரி தலைதூக்கும் நொடி வரைக்கும் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. கடைசி ஓட்டம் அந்த அவகாசத்துக்குள் முடிய வேண்டும். 100 மீட்டரில் குண்டை நிறுத்தினால், அந்த 100 மீட்டரையும் திறந்த வயலில் வெறும் நெஞ்சோடு கடக்க வேண்டும்.

அதனால் இதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஆட்கள் தூரத்தில் இருக்கும்போது பெரிய பீரங்கி. கொஞ்சம் நெருங்கியதும் பீரங்கி நின்று மெஷின் கன் மட்டும். இன்னும் நெருங்கியதும், மெஷின் கன் பக்கத்து ஜன்னலிலிருந்து தூரத்து ஜன்னலுக்கு நகரும், நம் ஆட்களிடமிருந்து விலகும் திசையில். வீட்டுக்குள் நுழைந்ததும் டாங்கி, வீட்டுக்குப் பின்னாலிருந்து யாரும் உதவிக்கு வராமல் பார்த்துக்கொள்ளும். விளையாட்டில் இதை 15 விநாடித் துண்டுகளாக வெட்டி, காலாட்களுக்கு 5 விநாடி, 10 விநாடி என்று காத்திருப்பு கொடுத்து ஒழுங்கு செய்யலாம். கணக்கு நோட்டு தேவைப்படுகிறது. தம்பி தன் ரஃப் நோட்டைக் கொடுத்தான்.

கோணமே இல்லாத இடத்தில்?

'ட' போட இடமே இல்லாத மலைப்பாதையில் என்ன செய்வது? அதற்கு நம்ம நாட்டுக் கதையே இருக்கிறது. அதில் நம்ம ஊர்த் 'தம்பி'களும் இருக்கிறார்கள்.

1948. காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகும் வாசல், ஸோஜி லா கணவாய். 11,500 அடிக்கு மேல். எதிரி அதைப் பிடித்துவிட்டதால் லே துண்டிக்கப்பட்டிருந்தது. செப்டம்பரில் நம் காலாட்படை மோதியது, முடியவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் குறுகலான பாதை, பாறைகளுக்குள் பதுங்கிய மெஷின் கன்கள். பனிக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜெனரல் திம்மையா, டாங்கியை மேலே ஏற்றலாம் என்றார். அவ்வளவு உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி கனவிலும் நினைத்திருக்க மாட்டான். 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேல்கோபுரம் கழற்றப்பட்டு, போர்த்தி மறைக்கப்பட்டு ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் வழியாக பால்டால் வந்து சேர்ந்தன. அங்கிருந்து மேலே இருந்தது கோவேறு கழுதை போகும் பாதை. அதை டாங்கி போகும் பாதையாக வெடிவைத்து அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சேப்பர்ஸ். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தப் படைப்பிரிவின் வீரர்களை ராணுவத்தில் செல்லமாக அழைக்கும் பெயரே 'தம்பி'. குளிரிலும், எதிரி சுடும் தூரத்திலும் பாறையை உடைத்தார்கள்.

நவம்பர் 1. டாங்கிகள் முன்னால், காலாட்படை பின்னால். முன் டாங்கிகளில் ஒன்றில் திம்மையாவே இருந்தார். பக்கவாட்டு இல்லாத இடத்தில் அவர் எடுத்தது இரண்டாவது வழி: சுடுபவனை முன்னால் அனுப்பிவிட்டால், குண்டுப் பாதையில் நம் ஆள் இருக்கவே மாட்டான். டாங்கிகள் கிட்டத்தில் போய்ப் பதுங்கு அரண்களை உடைக்க, காலாட்கள் தொடர்ந்து வந்து உயரங்களைப் பிடித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் திராஸ், கார்கில், லே வழி எல்லாம் திறந்துவிட்டன.

மூன்றாவது வழி, தலைக்கு மேலே சுடுவது. 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லின் உச்சியை போஃபர்ஸ் பீரங்கிகள் நேராகப் பார்த்துச் சுட்டதை டிவியில் பார்த்த அப்பாக்கள் இன்றும் சொல்வார்கள். இலக்கு மலை உச்சியில், நம் ஆட்கள் சரிவில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். குண்டுக்கும் அவர்களுக்கும் நடுவே உயர வித்தியாசம் இருக்கிறவரை சரி. அவர்கள் உச்சியை நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் கரைந்துபோகும், ஒரு கட்டத்தில் பீரங்கி நின்றே ஆக வேண்டும். அதன்பிறகு துப்பாக்கியும் கையெறி குண்டும்தான்.

ஸ்க்ரீனில் தெரியாதது

விளையாட்டில் நமக்கு வானத்திலிருந்து பார்க்கும் கண் இருக்கிறது. டாங்கிக்குள் மூடி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அது கிடையாது. சின்னக் கண்ணாடிப் பிளவு வழியாகத் தெரியும் அளவுதான் உலகம். இரண்டாம் உலகப்போரில் ஷெர்மன் டாங்கிகளின் பின்பக்கத்தில் ஒரு டெலிபோனைப் பொருத்தியது இதனால்தான். காலாட்படை வீரர் ஓடிவந்து போனை எடுத்து, 'அந்த இடது ஜன்னல்' என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லலாம். குண்டு மழையில் நின்று போன் பேச வேண்டும் என்பது வேறு விஷயம்.

சரி, டாங்கியை ஒட்டியே நடந்தால் பத்திரமா? பீரங்கி வெடிக்கும் காற்றழுத்தம் பக்கத்தில் இருப்பவரின் காதைக் கிழிக்கும். டாங்கி திடீரென்று பின்வாங்கினால், பின்னால் ஆள் இருப்பது டிரைவருக்குத் தெரியாது. நம்ம ஆவடியில் தயாரான அஜேயா டாங்கிகளில், எதிரியின் ஏவுகணை பட்டால் தானே வெடித்து அதைத் தடுக்கும் கவசப் பெட்டிகள் உண்டு. உள்ளே இருப்பவர்களைக் காக்கும் அந்த வெடிப்பு, வெளியே ஒட்டி நிற்பவரைக் காக்காது. ஆவடியின் அர்ஜுன் சுடும் அம்பு போன்ற கவசம் துளைக்கும் குண்டு, பீரங்கி வாயைவிட்டு வந்ததும் தன்னைச் சுற்றியிருக்கும் உறையை உதறிவிடும். அந்த உறைத் துண்டுகள் பறக்கும் வழியில் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பல விளையாட்டுகள் இதையெல்லாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. விளையாடிவிட்டு 'டாங்கி தெரியும்' என்று நானும் இனி சொல்ல மாட்டேன்.

மறுநாள் அதே கல் வீடு, அதே வயல். டாங்கியை வடக்கே தோப்பு ஓரத்துக்குக் கொண்டுபோய் 'ட' போட்டேன். பீரங்கி 15 விநாடி, பிறகு மெஷின் கன். என் குண்டில் ஒருவரும் விழவில்லை. ஆனால், பயத்தில் மெஷின் கன்னைச் சீக்கிரமே நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. வாசலுக்கு முன்னால் எதிரியின் குண்டில் இரண்டு பேர் போனார்கள். இன்னும் 5 விநாடி சுட்டிருக்கலாம் என்பது தம்பியின் வாதம். 5 விநாடியில் இன்னொரு ஆள் அந்த ஜன்னலுக்குக் கீழே வந்திருப்பான் என்பது என் வாதம். பஞ்சாயத்து மாமாவிடம் போனது. ரஃப் நோட்டை வாங்கி இரண்டு பேரின் கணக்கையும் பார்த்தார்.

"டாங்கிய இன்னும் கொஞ்சம் மேலாக்க தள்ளி நிறுத்து. ரெண்டு ஜன்னலும் தெரியுதா பாரு" என்றார். மூன்றாவது ஆட்டத்துக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தபோது, லேப்டாப்பில் சார்ஜ் 4 சதவிகிதம். தெருவில் கரன்ட் இல்லை.